மூடிய பெட்டிக்குச் சொன்ன சாட்சி

இலங்கை மலையகத்து லிந்துலையில் தேயிலைக் கொழுந்து பறித்த ஒரு தாயின் மகன் சூசைரட்ணம். அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து அங்கிலிக்கன் குருவானவரானது அவர் ஒருவர்தான். சிங்களமும் நன்றாகப் பேசுவார். யுத்தம் உக்கிரமாக நடந்த 2008இல் அவரை இராணுவ மருத்துவமனைக்குக் குருவாக அனுப்பினார்கள்.

"வடக்குல நம்ம சனம் சாகுது. நீங்க ஆமிக்காரங்களுக்கு ஜெபம் பண்றீங்களாண்ணே?" என்று தங்கை டோரீனே கேட்டாள்.

"சாகக் கெடக்குற பையன்கிட்ட நீ யாருன்னு கேக்க முடியுமா?" என்றார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த தை மாதம் ஒரு சவப்பெட்டியோடு அக்கரப்பத்தனைக்குப் போனார். டினேஷ், இருபத்திரண்டு வயது. வேலை கிடைக்காமல் ஆமியில் சேர்ந்த தோட்டத்துப் பையன். பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. தாய் யூஜினா மூடியை நகத்தால் பிறாண்டினாள்.

"ஒரே ஒரு தடவ எம்புள்ள மொகத்த காட்டுங்க... நீங்களாச்சும் பாத்தீங்களா பாதர்?"

அவர் பார்க்கவில்லை. காகிதத்திலிருந்த பெயரைத்தான் படித்திருந்தார்.

"பாத்தேம்மா. டினேஷ்தான்."

அவள் கைகள் தளர்ந்தன. தோட்டத்து மயானச் சரிவில் அடக்கம் முடிந்தது.

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவரைப் பேராயராகத் தெரிவு செய்தார்கள். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு அபிஷேகத்துக்கு நிற்க அவருக்குத் துணிவு வரவில்லை. தெரிவான முதல் வாரமே யூஜினாவைத் தேடிப்போய், அவள் காலடியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார்.

அவள் திட்டுவாள் என்று நினைத்திருந்தார். அவள் முகம் மலர்ந்தது.

"அப்ப எம்புள்ள உசுரோட இருக்கான்!"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலம்மா..."

அவள் கேட்கவில்லை. மறுநாளே மகனின் படத்தோடு கிளம்பினாள். கண்டி, கொழும்பு, வவுனியா என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். சோறு தண்ணி மறந்தாள். குழியைத் தோண்டிப் பரிசோதித்தாலாவது அவள் மனம் ஒரு நிலையில் நிற்கும் என்று சூசைரட்ணம் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். அனுமதி கிடைத்தது. ஆனால் முந்திய மழையில் அந்த மயானச் சரிவு முழுவதும் ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு நாள் தேடினார்கள். ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அபிஷேகம் நடந்தது. தலையில் கை வைத்து மற்றப் பேராயர்கள் ஜெபித்ததில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை என்று டோரீனிடம் சொன்னாராம்.

இப்போது மாதத்தில் இரண்டு முறை, மகனைத் தேடிப் போகும் யூஜினாவோடு அவரும் போகிறார். அவள் அவரை வரச் சொல்வதுமில்லை, வேண்டாமென்பதுமில்லை. போன செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கடுமையான காய்ச்சல். அப்படியும் ஹட்டன் பஸ் நிலையத்தில், இறங்கிய ஒவ்வொருவரிடமும் படத்தை நீட்டினாள். பேராயர் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். ஜெபிக்கப் பார்த்தார். வார்த்தை வரவில்லை.