விருந்தாளி வருகிறார், நாயைக் கட்டு

நான் அரபி படித்ததற்குக் காரணம் கோபம். வேறொன்றுமில்லை.

எண்பதுகளின் பின்பாதி. பி.ஏ. முடித்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாற்றுக்காக வரிசையில் நின்றேன். வெயிலில் வெந்து சன்னலை எட்டியபோது இடம் தீர்ந்துவிட்டது என்றார்கள். "அப்ப வேற என்னதான் இருக்கு?" என்று கத்திவிட்டேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அரபி டிப்ளமா இருக்கு. எழுத்துலேருந்து சொல்லித் தருவாங்க. சேர்றீங்களா?" என்றார். கேலிக்குத்தான் கேட்டிருப்பார். அந்தக் கேலி எனக்குப் பொறுக்கவில்லை. "சேர்றேன்" என்றேன். வெளியே வேப்பமரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தோடு நின்ற அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அரபியா? சரி, பொட்டலத்தப் பிரி" என்றார்.

கோபத்தில் சேர்ந்தேனே தவிர, இரண்டு மாதத்துக்குள் அந்தப் பாஷை என்னைப் பிடித்துக்கொண்டது. வலமிருந்து இடம் எழுத எழுத மை கையில் ஒட்டிக்கொள்வதில்கூட ஒரு சந்தோஷம். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் சின்ன வயதிலேயே ஓதக் கற்றவர்கள். எனக்கு மட்டும்தான் ஒட்டகம் முதல் ஓணான் வரை எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் படிக்க வேண்டியிருந்தது. விடுமுறைக்கு வந்தால் கொல்லைப்புறம் கிணற்றடியில் நின்று தொண்டை எழுத்துகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏட்டி, மீன் முள்ளு மாட்டிக்கிச்சா? ஒரு உருண்டை வெறுஞ்சோத்த முழுங்கு!"

எனக்கு ரொம்பப் பிடித்தது அரபுப் பண்பாடு என்ற பாடம். கூடாரத்துக்கு வந்தவன் எதிரியே ஆனாலும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள். எதையும் வலது கையால்தான் நீட்ட வேண்டும். நாயை வீட்டுக்குள் அண்டவிட மாட்டார்கள், அதன் எச்சில் பட்ட பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும். எங்கள் தெருவில் யார் கேட்கப் போகிறார்கள்?

டிப்ளமா முடிந்தது. அரபியிலேயே எம்.ஏ. படிக்கலாம் என்று துறையில் சொன்னார்கள். வீட்டில் அதற்குள் வத்திராயிருப்பிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஜாதகம் வந்து, பொருத்தமும் பார்த்தாயிற்று. "ரெண்டு வருசம் தொண்டையச் செருமுனது போதும்" என்றாள் அம்மா. நான் சாப்பிடாமல் கிடந்தேன், தட்டை நகர்த்தினேன், கதவைச் சாத்தினேன். எனக்குத் தெரிந்த ஆயுதங்கள் அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. அப்பா ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர். தறி ஓட்டத்தைப் பார்ப்பது அவர் வேலை. வளைகுடாவிலிருந்து ஒரு வியாபாரி துணி பார்க்க வருகிறாராம். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. முதலாளிக்கு அதுவும் இல்லை. "ஒம்ம மக அரபி படிக்குதாம்ல, கூட்டியாரும்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

அப்பா அன்று ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும் தீர்ப்பைச் சொன்னார். "இந்தா பாரு. அந்த ஆளு பேசுறது ஒனக்குப் புரிஞ்சதுன்னா எம்.ஏ.வுக்குப் போ. புரியலன்னா பேசாம வத்திராயிருப்புக்குச் சரின்னு சொல்லு. அதுக்கு மேல எனக்கு வாதாடத் தெம்பு இல்ல."

"சரி" என்றேன். எனக்கா புரியாது?

முந்தின நாளே கம்பெனிக்குப் போய்விட்டேன். கம்பெனிக்குப் பக்கத்திலேயே முதலாளி வீடு. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். விருந்துச் சாப்பாட்டில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆட்டை யார் அறுக்க வேண்டும், யார் பரிமாற வேண்டும், எந்தக் கையால் காப்பி நீட்ட வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலாளியும் பள்ளிப் பிள்ளை போலத் தலையாட்டிக்கொண்டு வந்தார். கடைசியில், கூடத்தில் படுத்திருந்த நாயைக் காட்டி, "இதையும் வெளிய அனுப்பிரணும்" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. அது ராஜபாளையம் நாய், வேட்டைக்குப் பேர்போன இனம். உச்சி முதல் வால் வரை ஒரே வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, படுக்கும்போது கட்டிலுக்கடியில் படுக்கிற நாய்.

"ஏம்மா, இது யாரையும் கடிக்காதும்மா. வர்றவர் பாத்தா சந்தோசப்படுவார்னுல்ல குளிப்பாட்டி வச்சிருக்கேன்!"

"அவியளுக்கு நாய் ஆகாது மொதலாளி. பாடத்துலயே இருக்கு" என்றேன்.

பாடத்தில் இருந்தால் அப்பீல் ஏது? ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் வன்னியம்பட்டியில் இருந்த அவருடைய தோப்புக்கு நாயை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். வேன் திரும்பும்வரை முதலாளி வாசலிலேயே நின்றார். "எக்கடனோ கட்டேசினாரு" என்று, எங்கேயோ கொண்டுபோய்க் கட்டிவிட்டார்களே என்று, தமக்குள் தெலுங்கில் முனகிக்கொண்டார். எனக்கு என் படிப்பு முதன்முதலாக ஓர் இடத்தில் செல்லுபடியான பெருமை.

வியாபாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெடிய ஆள், அமைதியான முகம். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்பைச் சொன்னதும் அவர் புருவம் உயர்ந்தது. புன்னகையோடு, நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். ஒரு சொல் விடாமல் புரிந்தது! தறிக்கூடம், வெளுப்புத் தொட்டி, துணியின் அகலம், பெட்டி கட்டும் விதம் என்று அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா இரண்டடி தள்ளி நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காதவர் போல என்னையே பார்த்தார். மனசுக்குள் நான் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிவிட்டேன்.

மதியம் இலை போட்டார்கள். முதலாளி மதுரையிலிருந்து வாங்கி வைத்திருந்த புது ஸ்பூனை வியாபாரி ஓரமாக நகர்த்திவிட்டு, சட்டைக்கையை மடித்துக் கையால் பிசைந்து சாப்பிட்டார். எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நேரத்தில்தான் வாசலில் நிழல் விழுந்தது. நாய்! கழுத்தில் அறுந்த கயிறு, காலெல்லாம் கரிசல் சேறு, மூச்சு வாங்க நிற்கிறது. வன்னியம்பட்டியிலிருந்து ஓடியே வந்திருக்கிறது. யாரும் பிடிப்பதற்குள் பந்திக்கு நடுவே புகுந்து முதலாளியின் மடியில் தலையை வைத்துவிட்டது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வியாபாரி சாப்பாட்டுக் கையோடு எழுந்தார்.

எழுந்தவர் வெளியே போகவில்லை. நாயின் அருகில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுத்தமான இடது கையால் அதன் விலா எலும்பைத் தடவினார். ஒடுங்கின வயிற்றைப் பார்த்தார், பாதத்தைத் தூக்கி விரலிடுக்கைப் பார்த்தார். முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வியாபாரி பேச ஆரம்பித்தார். என்ன வேகம்! காலையில் எனக்காகத்தான் புத்தகத்து அரபியை மெல்ல மெல்லப் பேசியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. இது அவர் ஊர்ப் பேச்சு, வீட்டுப் பேச்சு. காற்றில் பறக்கிற நெல்லைப் பொறுக்குவது போலச் சொல்லைப் பொறுக்கப் பார்த்தேன். 'சலூக்கி' என்ற ஒரு சொல் கையில் நின்றது. அவர்கள் ஊர் வேட்டைநாய். பிறகு 'என் அப்பா' என்பது. மற்றதெல்லாம் பறந்துவிட்டது. பேசப் பேச அவர் குரல் இறங்கியது. கண் கலங்கியது.

"என்னம்மா சொல்றார்?" என்றார் முதலாளி.

பொய் சொல்லியிருக்கலாம். அழகான நாய் என்கிறார் என்று சொல்லியிருந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "அவிய அப்பாவப் பத்தி என்னமோ சொல்றாரு மொதலாளி. என்னன்னு புரியல" என்றேன்.

அதன்பிறகு நான் தேவைப்படவில்லை. முதலாளி நாயிடம் தெலுங்கில் கொஞ்சினார், வியாபாரி அரபியில் கொஞ்சினார். நாய் இரண்டுக்கும் வாலாட்டியது. கிளம்பும்போது மட்டும் வியாபாரி அறுந்த கயிற்றைக் காட்டி, பழையபடி நிதானமாக, இதை ஏன் கட்டினீர்கள் என்று என்னிடம் கேட்டார். உங்களுக்காகத்தான், எங்கள் பாடத்தில் அப்படி இருந்தது என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். காவல்நாய் கூடாரத்துக்கு வெளியே. வேட்டைநாய் எங்களோடு உள்ளே தூங்கும் என்றார். அதை நான் மொழிபெயர்த்ததும் முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! துணிக்கு ஆர்டர் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் என்னைத் திட்டாமல் விட்டார்.

மாலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினோம். வன்னியம்பட்டி தாண்டும்போது அப்பா தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது. நானே போய்ச் சரி என்று சொல்லிவிட வேண்டும், அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மா வாசலிலேயே நின்றாள். "என்ன, அந்த மனுசன் பேசுனது இவளுக்குப் புரிஞ்சுதா?"

"புரியல" என்றார் அப்பா. "சாப்பாட்டு நேரத்துல அவரு கண்ணு கலங்கி அம்புட்டு நேரம் பேசுனாரு. இவளுக்கு என்னன்னு புரியல."

"அப்ப வத்திராயிருப்புக்குச் சொல்லி விட்டுருவமா?"

அப்பா வாளித் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றினார். "எதுக்கு? புரியலன்னா இன்னும் படிக்க வேண்டியது கெடக்குன்னுதான அர்த்தம்?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவரு அவிய அப்பாவப் பத்தி என்னமோ சொன்னாருட்டி. அது என்னன்னு எனக்குத் தெரியணும். போய்ப் படிச்சிட்டு வந்து சொல்லு."