மணிமங்கலத்தில் பேனலுக்கு அடியில் ஒரு பகல் தூக்கம்

மே மாதம் எங்கள் தாம்பரம் வீட்டு மொட்டைமாடியில் அப்பளம் சுடலாம். முப்பது வருடக் கட்டடம். சோலார் பேனல் வைக்க அரசு மானியம் தருகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. என் தங்கையின் தோழி கலாவதி, மணிமங்கலத்தில் தன் பழைய ஓரடுக்கு வீட்டுக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

மேற்குத் தாம்பரத்தில் காலை 10.10க்கு ஆட்டோ ஏறினேன். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். பேரம் பேசிப் போக வர அறுநூறு ரூபாய். வழியெல்லாம் கம்பெனி பஸ்கள்.

வாசலிலேயே கலாவதி வாயில் விரல் வைத்தார். "மெதுவா பேசுங்கண்ணா. மேரி நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கிகினு கீது." பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கும் பெண் மேரி. ஒரகடத்தில் கம்பெனி வேலை. என் விசாரணை முழுக்கக் கிசுகிசுப்பில்தான் நடந்தது.

மாடியில் இரண்டு கிலோவாட் பேனல், ஆள் உயர ஸ்டாண்டில். மானியம் அறுபதாயிரம். பேனலுக்கு அடியில் மேரியின் யூனிஃபார்ம் காய்ந்தது. ஆனால் பேனல் இருந்தது பின்பக்கத்தில், மேரியின் அறைக்கு நேர் மேலே. நாலு மணிக்கே பக்கத்து மாடியின் நிழல் விழும் இடம். முன்பக்கம் வைத்தால் கரண்ட் அதிகம் வரும் என்று, பொருத்த வந்தவர் தலைபாடாக அடித்துக்கொண்டாராம். பிறகு ஏன் இங்கே என்று கலாவதியிடம் கேட்டேன்.

"போன வருசம் அந்த ரூம்ல தரையில தண்ணி ஊத்தி, ஈரத்துல படுத்துக்கும்ணா. அப்பவும் தூக்கமே இல்ல. லைன்ல நின்னுகினே கண்ணசந்துட்ச்சி. வார்னிங் லெட்டர் குட்த்துட்டாங்க. இன்னொரு தபா தூங்குனா வேல பூடும். இப்ப பேனல் நெழல்ல ரூம் சூடாவறதில்ல."

"அதுக்காக யூனிட்டை விட்டுட்டியா?"

"கரண்டுக்குத்தான் மானியம் தர்றாங்க. தூக்கத்துக்கு யார்ணா தர்றா?"

நான் அதுவரை யூனிட் கணக்கை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்கியதும் என் ஆட்டோக்காரர், நேரமாகிறது என்று ஹாரனை அழுத்திப் பிடித்தார். தெருவே அதிர்ந்தது. நானும் கலாவதியும் பின்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறக்கவில்லை. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கலாவதி மூச்சு விட்டார். முன்பின் பார்க்காத அந்தப் பெண்ணை நினைத்து எனக்கும் நிம்மதியாக இருந்தது.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: மின் இணைப்பு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கலாவதி வீட்டில் மாமனார் பெயரில் இருந்ததால், அதை மாற்றவே மூன்று வாரம் ஓடிவிட்டது. செலவு முழுவதையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டும். பேனல் பொருத்தி, மீட்டர் மாற்றிய பிறகே மானியம் வங்கிக்கு வரும். பேனலை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், கீழே யார் படுக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

இந்தப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.