அறுபத்திரண்டு பண்ணைக்கு அறுபத்திரண்டு கடவுச்சொல்

2025
மார்ச் 3 – 11
மார்ச் 4 – 94
மார்ச் 5 – 163
மார்ச் 6 – 71
மார்ச் 20 – 5

நாமக்கல்லில் கோழித்தீவனம் பரிசோதிக்கும் கூடம் ஒன்றின் சர்வரில், அந்தந்த நாளில் தவறாக அடிக்கப்பட்ட கடவுச்சொற்களின் எண்ணிக்கை இது. குறித்து வைத்தவர் மஞ்சுளா.

மோகனூரில் பிறந்து பி.காம். முடித்து, 2004-இல் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவர். ஏழாவது வருடம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். "புது ஆள் வர்ற வரைக்கும் நீ பாத்துக்க" என்றார் முதலாளி பொன்னன். அந்த ஆள் பதினான்கு வருடமாக வந்துகொண்டே இருக்கிறார்.

பண்ணைகள் தீவன மாதிரி அனுப்பும். அறிக்கையை மஞ்சுளா எஃப்.டி.பி. என்ற கோப்புப் பரிமாற்ற சர்வரில் போடுவார், பண்ணைக்காரர்கள் இறக்கிக்கொள்வார்கள். அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். யாருடைய அறிக்கையையும் யாரும் திறக்கலாம், திறந்தார்கள். பங்காளியின் தீவனத்தில் பூஞ்சை நஞ்சு எவ்வளவு என்று பார்த்தால்தான் பலருக்குக் காலை டீயே உள்ளே இறங்கும்.

முட்டை ஏற்றுமதி செய்யும் கம்பெனி பிப்ரவரியில் எழுதியது: ஒரு பண்ணையின் அறிக்கை அந்தப் பண்ணைக்கு மட்டுமே தெரிய வேண்டும், கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல், வழியில் யாரும் படிக்கும்படி போகக் கூடாது, மார்ச் 20 அன்று எங்கள் ஆய்வாளர் சோதிப்பார், தேறாவிட்டால் மாதிரிகள் வேறு கூடத்துக்குப் போகும். கூடத்தின் வேலையில் பாதி அந்தக் கம்பெனியுடையது. மஞ்சுளாவோடு சேர்த்து ஒன்பது பேரின் பிழைப்பு.

மஞ்சுளா சர்வரைப் பற்றி எட்டு நாள் படித்தார். பெயரில்லாமல் நுழையும் வழியை அடைத்தார். பண்ணைக்கு ஒரு கணக்கு, ஒரு ஃபோல்டர். அதைத் தாண்டி மேலே போக முடியாது. மறையாக்கம் இல்லாத இணைப்பை சர்வர் ஏற்காது. ஐந்து முறை தப்பாக அடித்தால் அந்த இணைப்புக்கு ஒரு மணி நேரம் கதவடைப்பு, சொந்தக் கணக்கும் திறக்காது. மார்ச் 3 அன்று எல்லாம் நடைமுறைக்கு வந்தது.

ஐந்தாம் தேதி காலை பண்ணைக்காரர் காத்தான் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங் அம்மணி, என்ற அறிக்கைய நானே பாக்க முடியலீன்னா இதென்ன அநியாயமுங்க?"

மஞ்சுளா சர்வரின் பதிவைத் திறந்தார். "காலைல 7.42-லிருந்து 7.49-க்குள்ள அஞ்சு தடவை தப்புங்ண்ணா. உங்க பேர்ல இல்லீங்க. உங்க தங்கச்சி ஊட்டுக்காரரு பேர்ல."

காத்தான் மின்விசிறியைப் பார்த்தார். "சும்மா ஒரு யோசனதானுங்க. அவன் லாரி நம்பரு போட்டேன், குலசாமி பேரு போட்டேன், என்ற தங்கச்சி பேரு போட்டேன்..."

"கட்டுனவ பேரை வெப்பாருன்னு நெனச்சீங்களா? உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுங்ண்ணா."

கூடமே சிரித்தது. "இன்னும் பன்னண்டு நிமிசம் இருக்குதுங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார் மஞ்சுளா.

இந்தக் கதை பண்ணை பண்ணையாகப் பரவியது. அடுத்த பேர் தன் பேராகிவிடக் கூடாதென்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் எண்ணிக்கை சுழியத்துக்கு வந்தது.

மார்ச் 20, காலை 11.10. சென்னையிலிருந்து ஆய்வாளரின் போன். "உங்க சர்வர் இணைப்பே தர மாட்டேங்குதே?"

மஞ்சுளா பதிவைப் பார்த்தார். ஆய்வாளர் தமக்குத் தந்த சோதனைக் கணக்கில் நுழைந்திருக்கிறார். அந்த ஃபோல்டரைத் தாண்டி மேலே ஏறப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. மறையாக்கம் இல்லாமல் முயன்றிருக்கிறார், சர்வர் மறுத்திருக்கிறது. பிறகு வேறொரு பண்ணையின் கடவுச்சொல்லை ஐந்து முறை ஊகித்திருக்கிறார். 11.07-க்குக் கதவு சாத்திக்கொண்டது.

பொன்னன் குனிந்து ரகசியமாகச் சொன்னார். "எடுத்து உட்ரு மஞ்சுளா. பெரிய எடத்து ஆளு."

எடுத்துவிட ஒரு சொடுக்குப் போதும். மஞ்சுளா மவுசைத் தொடவில்லை. "காத்தானண்ணனுக்கு ஒரு மணி நேரமுங் சார். இவருக்கு எடுத்துட்டா, கேட்டா தெறக்கற பூட்டுன்னு அவரே எழுதிட்டுப் போயிருவாரு." போனில் பணிவாகச் சொன்னார்: "12.07-க்குத் தானாத் தெறந்துக்கும் சார்."

"சரி" என்று ஆய்வாளர் போனை வைத்தார்.

12.08-க்கு ஆய்வாளர் மறுபடி நுழைந்தார். இரண்டு நிமிடத்தில் வெளியேறினார். முடிவு தபாலில்தான் வரும். அன்றிலிருந்து பொன்னன் தபால்காரரின் வண்டிச் சத்தத்துக்கெல்லாம் வாசலுக்கு ஓடினார்.

கம்பெனியின் கடிதம் இரண்டு பத்தி. முதலாவதில், மாதிரிகள் இந்தக் கூடத்துக்கே தொடர்ந்து வரும் என்றிருந்தது. இரண்டாவதில், விதி தமக்கும் தளர்த்தப்படவில்லை என்பதை ஆய்வாளர் சிறப்பாகக் குறிப்பிட்டிருப்பதாக இருந்தது. பொன்னன் அதை நின்றபடியே மூன்று முறை உரக்கப் படித்தார். மஞ்சுளா வாங்கி, ஓரத்தில் தேதி முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார்: 28 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை.