ஏச்சு இலவசம்

மூடியைத் திருகிக் கழற்றியதும் ஞானபூரணம் முதலில் மூக்கைத்தான் கொண்டு போவாள். கண், கை, ஸ்பானர் எல்லாம் அப்புறம். மரம் அறுக்கும் மெஷினின் பெட்ரோல் டாங்குக்குள் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, எதிரே நிற்கிறவனை ஏற இறங்கப் பார்ப்பாள். அந்தப் பார்வையிலேயே பாதிப் பேருக்கு வேர்த்துவிடும்.

"எப்ப வாங்குன பெட்ரோலுவே இது?"

"போன மாசம்தான்க்கா."

"போன மாசமா, போன ஆடித் தபசுக்கா? ஊறுகாய் போட்டுல்லா வச்சிருக்கீரு."

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில், இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு இருக்கிறது அவள் கடை. தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசித்தான் அவளுக்கு இந்தக் குரல் வந்தது என்பார்கள். பொய். தறிகளை ஓட்டுகிறவர்கள்தான் அவள் குரலுக்குப் பயந்து சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் இதே மாதிரி ஒரு கடையில் பில் போடுகிற வேலை பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்குகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, ஒரு நாள் பொறுக்கவில்லை. "அவனுவ பண்ணுன கூத்தச் சகிக்க மாட்டாமத்தான் ஸ்பானரக் கையில எடுத்தேன்" என்பாள். மற்றவர்கள் ஆசைப்பட்டுத் தொழில் படிப்பார்கள். இவள் எரிச்சல்பட்டுப் படித்தவள்.

கடைக்கு வருகிறவர்களில் மெஷினை ஒழுங்காக வைத்திருக்கிற ஒருத்தனை அவள் இதுவரை கண்டதில்லை. கண்டிருந்தாலும் ஒப்புக்கொண்டதில்லை. பெட்ரோலில் கலக்க வேண்டிய ஆயிலைக் கண் அளவாக ஊற்றினேன் என்று ஒருத்தன் சொன்னால், "பொறவு என்ன, கண்ணுலயே ஊத்திக்கிட வேண்டியதுதான" என்பாள். மரத்தை அறுக்கிற சங்கிலிக்குத் தனி ஆயில் இருக்கிறது. பிசுக்காக ஒட்டி நிற்கும். அதை வாங்காமல் பைக் பட்டறையில் வடித்த கருப்பு ஆயிலை விடுகிறவர்கள்தான் அதிகம். "நேத்துப் பொரிச்ச எண்ணெயில பொண்டாட்டி இன்னைக்கி வடை சுட்டா தட்டத் தூக்கி எறியுத. மெஷினுக்கு மட்டும் ஊர்ல ஓடுன வண்டி அழுக்கெல்லாம் ஊத்துதியோ?"

ஏர் ஃபில்டர் விஷயத்தில் அவள் கோபத்துக்கு அளவே கிடையாது. ஃபில்டரைத் தொலைத்துவிட்டு டீ வடிகட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவன் உண்டு. "டீய எங்க?" என்று கேட்டுவிட்டு அதோடு மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்னொருத்தன் பஞ்சர் கடையில் ஃபில்டருக்குக் காற்றடித்துச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்து பெருமையாக நீட்டினான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நடுவில் கிழிந்து வெளிச்சம் வந்தது.

"சூரியனே உள்ள வாரான். புழுதி வராதோ? கரிசக்காட்டுப் புழுதி மாவு மாதிரிலே. வலை ஃபில்டர்ல போட்டா சல்லடையில எறங்குதாப்ல எறங்கும். கம்பளி வச்சதப் போடு. சோப்புத் தண்ணியில அலசி நெழல்ல காய வையி. ஒன் சட்டையத்தான் தொவைக்க மாட்ட, இதையாவது தொவை."

மெஷினை மேம்படுத்துகிறேன் என்று வருகிறவர்கள் இன்னொரு ஜாதி. சத்தம் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று சைலன்சரில் ஓட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். புளியங்குடியிலிருந்து எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர், வெள்ளை வேட்டியில் காரில் வந்து இறங்கி, தன் சின்ன மெஷினுக்குக் கடையில் இருப்பதிலேயே நீளமான பார் வேண்டும் என்றார். பார் என்பது சங்கிலி சுற்றி ஓடுகிற தகடு. சின்ன இன்ஜினில் நீளமானதை மாட்டினால் இன்ஜின் திணறும். நுனிவரைக்கும் ஆயிலும் போய்ச் சேராது.

"எலுமிச்சங் கொப்ப அறுக்கவா அண்ணாச்சி, ஏரோபிளேன் எறக்கைய அறுக்கவா? கன்னுக்குட்டிக்குத் தந்தத்தக் கட்டிவிட்டா கோயில் ஆனை ஆயிருமா?"

அவர் வந்த காரிலேயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். அங்கே ஒரு கடை இருக்கிறது. கேட்டதைக் கொடுப்பார்கள், கேட்காததையும் சிரித்த முகமாகத் தலையில் கட்டுவார்கள், டீ வாங்கித் தருவார்கள். யாரையும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

"சாமானுக்குத்தான் துட்டு, ஏச்சு இலவசம்" என்பது ஞானபூரணத்தின் வியாபாரக் கொள்கை. அது வெறும் வாய்க்கொழுப்பு என்று அவள் நினைக்கவில்லை. மனதார நம்பினாள். "நல்ல விதமாச் சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுருவானுவ. ஏசுனாத்தான் படுத்தாலும் கேக்கும்." வீட்டில் அவள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவர், "எல்லாம் கடையிலயே தீந்து போவுது. நமக்கு மிச்சம்தான் வருது" என்று நிம்மதியாகச் சொல்லிக்கொள்வார்.

மூக்காண்டிக்குக் குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஊர். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு முள்ளுக்காட்டில் சீமை உடைமரம் அறுத்துக் கொடுக்கிறவன். வாய் செத்தவன். வெயிலில் காய்ந்து உடை முள் மாதிரியே ஆகிப்போன ஆள். போன பங்குனியில் ஒரு நாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே புது மருமகனையும் அழைத்து வந்திருந்தான். மாரிச்செல்வம் என்று பேர், ஊருக்குள் தறி ஓட்டுகிற பையன். கோயிலுக்கு வந்த இடத்தில், தன் தொழில் சாமான்களையும் மருமகனுக்குக் காட்ட வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை.

கடையில் அன்று கூட்டம். ஞானபூரணம் மூடியைத் திறந்தாள். மோந்தாள். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தது. சங்கிலி ஆயில் மூடியைத் திறந்தாள். கன்னங்கரேல் என்று பட்டறை ஆயில்.

"பேரு மூக்காண்டி" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "மூக்க ஆண்டவரு! அந்த மூக்குக்கு மண்ணெண்ண வாசம் தெரியல. பொறவு எதுக்குவே அது மொகத்துல? சளி சிந்தவா? மாப்ள, ஒங்க மாமனாரு பொண்ணத் தரும்போது மோந்து பாத்துத்தான் தந்தாரா?"

கடை குலுங்கிச் சிரித்தது. மூக்காண்டியும் சிரிக்கிற மாதிரி வாயைக் கோணினான். பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். மாரிச்செல்வம் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு மூக்காண்டி வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போகிறான் என்று காதில் விழுந்தது. "சனியன் விட்டுது" என்றாள் ஞானபூரணம்.

ஆடிக் காற்று ஓய்ந்த சமயம், ஒரு பெண் உரச் சாக்கில் மெஷினைச் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"மருமவன் ஓட்டப் போறாவ. தறியில வேல கம்மி. சரி பண்ணித் தாங்கம்மா."

ஞானபூரணம் சாக்கை உருவினாள். பிடிக்கு முன்னால் நிற்க வேண்டிய தடுப்பு இல்லை. பக்கத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே பிரேக் பட்டையும் இல்லை. அறுக்கும்போது மெஷின் ஆளைப் பார்த்து எகிறினால், அந்தத் தடுப்பு கையில் இடித்து, பட்டை இறுகி, சங்கிலி அந்த நொடியே நின்றுவிடும். சங்கிலிப் பல்லுக்கும் மனுசன் சதைக்கும் நடுவில் இருக்கிற ஒரே சாமான் அதுதான்.

"எந்தக் கோட்டிப்பய இதக் கழட்டுனான்? கழுத்துல தலை கனமா இருந்துதாமா அவனுக்கு?"

"எங்க வீட்டுக்காரருதாம்மா. மூக்காண்டி."

"அவரா! அவரு தொழில் பாக்குத லெச்சணத்துக்கு இப்பிடித்தான் நடக்கும்னு நான் அன்னைக்கே..."

"நடந்துட்டும்மா" என்றாள் அந்தப் பெண்.

அவள் பேர் வள்ளித்தாய். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. உடைமரத்துத் தூருக்குள் பாரின் நுனி கண்ணுக்குத் தெரியாத கொப்பில் பட்டு மெஷின் எகிறியதையும், இடது தோளில் இறங்கியதையும், பாளையங்கோட்டைக்குக் கொண்டு போய்த் தைத்ததையும், உயிருக்குப் பயமில்லை ஆனால் கை இன்னும் மேலே வரவில்லை என்பதையும், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அதுக்கு மொத வாரந்தான் பிரேக்கு இறுகிப்போயி சங்கிலி ஓடாம நின்னுட்டு. அந்தம்மாட்ட கொண்டு போங்கன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'மருமவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்கு. அங்கன போயி நிக்கதுக்குப் பதிலா இதக் கழட்டி எறிஞ்சுருவேன்'னாவ. எறிஞ்சுட்டாவ."

"நல்ல ஆயில் விட்டிருந்தா இறுகியே இருக்காதே!" ஞானபூரணத்தின் வாய் தன் போக்கில் பேசியது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நீங்க சொல்லுததெல்லாம் சரிதாம்மா. அவுகளும் அதத்தான் சொல்லுவாவ. 'அந்தம்மா சரியாத்தான் சொல்லுது, கேக்கத்தான் முடியல'ன்னு."

ஃபில்டர் வாங்க வந்து நின்றிருந்த ஒருத்தன் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

ஞானபூரணம் ஸ்குரூ டிரைவர் நுனியால் மெஷினின் உள்பக்கத்தைச் சுரண்டினாள். கருப்பு ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து தார் மாதிரி கெட்டியாக அப்பியிருந்தது. இதுதான் பட்டையை இறுக்கியிருக்கிறது. அவள் சொன்னது அத்தனையும் அந்தக் களிம்பில் இருந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. எப்போதும் இந்த இடத்தில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு ருசி ஊறும். அன்று அது வரவில்லை. வராததில் எரிச்சல் வந்து, இன்னும் வேகமாகச் சுரண்டினாள்.

டாங்குகளைக் கழுவினாள். புதுப் பட்டை, புதுத் தடுப்பு மாட்டினாள். கம்பளி ஃபில்டர் வைத்தாள். சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் அரம் போட்டுத் தீட்டினாள். வள்ளித்தாய் நின்றுகொண்டே இருந்தாள். முடிந்ததும், "நீங்க மெஷினப் பிடிங்க" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு, பட்டப்பகலில் ஷட்டரை இழுத்து மூடினாள். தறிக்கூடத்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் செத்ததாகத் தகவல் இல்லை.

ஸ்கூட்டரில் பின்னால் வள்ளித்தாய், மடியில் மெஷின். குருவிகுளம் ரோட்டில் ஞானபூரணம் ஒரு லாரிக்காரனை ஏசினாள், குறுக்கே வந்த ஆட்டை ஏசினாள், ரோடு போட்டவனை ஏசினாள். பின்னால் இருந்தவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தகரத் தாழ்வாரத்தில் நைலான் கட்டிலில் மூக்காண்டி படுத்திருந்தான். வந்து நிற்பது யார் என்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏட்டி, இவுகள எதுக்குக் கூட்டியாந்த?"

"நான் ஒண்ணும் ஒம்ம சீமந்தத்துக்கு வரல" என்றாள் ஞானபூரணம். தோளில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். "எவன்வே இதக் கட்டுனான்? சேலை பார்சல் கட்டுனாப்ல..."

மூக்காண்டி தோளைச் சுருக்கினான். அடிக்குப் பயந்த மாடு உடம்பைச் சுருக்குகிற மாதிரி. தையல் இழுத்து, முகம் கோணியது.

அவள் மீதியை விழுங்கினாள். கொண்டு வந்த ஆயிலை அளந்து பெட்ரோலில் கலந்து ஊற்றினாள். மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, பின்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். மூன்றாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. குனிந்து விசையை அழுத்தினாள். தகரம் அதிர, பல் தெரியாத வேகத்தில் சங்கிலி ஓடியது. மூக்காண்டியின் கண்கள் அதைவிட்டு நகரவில்லை.

முன்பிடியைத் தன் முழங்கையால் அழுத்திக்கொண்டு, அவனுடைய வலது கையை எட்டிப் பிடித்தாள். சில்லிட்டிருந்த அந்தக் கையைப் புதுத் தடுப்பின்மேல் கொண்டு வைத்தாள். தலையை அசைத்தாள். அவன் தயங்கினான். பிறகு தள்ளினான். சங்கிலி சட்டென்று நின்றது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் வாய் அசைந்தது. இன்ஜின் இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் திரும்பச் சொல்லவில்லை. தடுப்பைத் தன் பக்கம் இழுத்துச் சங்கிலியை ஓடவிட்டு, அவன் கையை மறுபடி எடுத்து அதன்மேல் வைத்தாள்.