பத்மாவதி மிஸ்ஸியின் அட்டவணை

பத்மாவதி 1952 ஜூன் 9ஆம் தேதி தைப்பிங்கில் பிறந்தவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, அதாவது எழுத்தராக, வந்தவர். 1973இல் பத்மாவதி பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் தாதியானார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பினாங்குத் தீவின் பள்ளிகளில் வேலை செய்தார். தாதியை மிஸ்ஸி என்று அழைப்பது இங்கே வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. பிடுங்கிய பால்பற்கள் 11,400க்கு மேல் என்பார். அழுத பிள்ளைகளை அவர் எண்ணவில்லை.

2008 முதல் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தம் வீட்டிலேயே, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஒரு நேரத்தில் ஆறு பேர், அதற்கு மேல் சேர்ப்பதில்லை. பெற்றோர் பெரும்பாலும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். மிஸ்ஸியிடம் விட்டால் பிள்ளை நல்ல பழக்கத்தோடு வளரும் என்று பெயர் இருந்தது. அது பொய்யான பெயரும் அல்ல. அவரிடம் இருந்த பிள்ளைகளுக்குச் சொத்தைப் பல் இல்லை.

கூடத்துச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். இடப்பக்கம் பெயர்கள், மேலே தண்ணீர், காய்கறி, பல் துலக்கல், கழிப்பறை, எடை. ஐந்து டம்ளர் தண்ணீருக்கு ஒரு நட்சத்திரம், அதற்கு மேல் ஒவ்வொரு டம்ளருக்கும் இன்னொன்று. கழிப்பறைக்கு மூன்று மணி, ஐந்தரை மணி என இரண்டே நேரம். இடையில் கேட்டால் கருப்புப் புள்ளி. புள்ளி வாங்கியவர் மூலையில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லோரும் எடை பார்க்க வேண்டும். மிஸ்ஸி எண்ணை உரக்க வாசிப்பார். அதிக எடையுள்ள பிள்ளை மற்ற ஐவரின் டம்ளர்களையும் கழுவ வேண்டும்.

கட்டம் போட்டுக் கொடுத்தது எதிர்வீட்டில் இருக்கும் நான். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணியாக இருந்தவன். வெள்ளிதோறும் தலைப்பு வாரியாகக் கூட்டிக் கொடுத்ததும் நான்தான். இங்கே வரும் எண்கள் அந்தத் தாள்களிலிருந்து எடுத்தவை.

2019 ஜனவரி 4ஆம் தேதி ஷர்மினி என்ற எட்டு வயதுப் பெண் பிள்ளை புதிதாகச் சேர்ந்தாள். எடை 34.2 கிலோ.

"பிள்ளையோ அரிசி மூட்டையோ?" என்றார் மிஸ்ஸி. மற்ற ஐந்து பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் தாய் ரமணியும் சிரித்தார்.

"நல்லாச் சொல்லுங்க மிஸ்ஸி. சாக்லேட் மைலோ கலக்கிக் குடுக்கலன்னா இவளுக்குச் சோறு இறங்காது லா."

"நீங்கள் மைலோவையும் ரொட்டி சானாயையும் குடுத்துப் பழக்கினா வேற எப்பிடி வரும்?"

ஐந்து வாரம் ஷர்மினிதான் டம்ளர் கழுவினாள். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் ரோஸ் சிரப் குடித்தேன் என்று வாய்தவறிச் சொன்னதற்கு இரண்டு நட்சத்திரங்கள் வெட்டப்பட்டன.

பிப்ரவரி நடுவில் அவள் எடை குறையத் தொடங்கியது. பிப்ரவரி 15இல் 32.6. மார்ச் 1இல் 30.3. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்பது டம்ளர், பிறகு பதினொன்று. யாரும் சொல்லாமலே போய்க் குடித்தாள். மிஸ்ஸி அவளை நடுவில் நிறுத்திக் கைதட்ட வைத்தார். "பாருங்கோ, மூட்டை பிள்ளையாயிட்டுது!" ரமணி சின்ன அளவில் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார்.

அதே தாளில் அதே பெயருக்கு நேரே கருப்புப் புள்ளிகளும் ஏறின. நாளுக்கு மூன்று, பிறகு ஆறு. நட்சத்திரங்களில் முதலாவதாக வந்தவளே மூலையிலும் நின்றாள். மார்ச் 4ஆம் தேதி நின்ற இடத்திலேயே பாயில் சிறுநீர் போய்விட்டது. மறுநாள் அந்த இடத்தை எறும்பு மொய்த்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பிள்ளைகளின் வாயில் மிட்டாயைத் தேடியவருக்கு வேறு காரணம் தோன்றவில்லை. "ஒளிச்சு வச்சுத் தின்னாம எறும்பு ஏன் வருது?" என்று புத்தகப்பையைத் தரையில் கவிழ்த்தார். பென்சில் தூள்தான் கொட்டியது. "முழுங்கிட்டாள் கள்ளி," என்றார். அன்று முதல் பிள்ளைகள் அவளை "எறும்பு" என்றே கூப்பிட்டார்கள்.

மார்ச் 12, செவ்வாய், மாலை 4.15. மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டார். ஷர்மினியின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"அண்ணை, மணந்து பாருங்கோ. பழ மிட்டாய்."

மணந்து பார்த்தேன். பழ வாசம் அடித்தது. ஆமாம் என்றேன்.

"நான் சாப்பிடல மிஸ்ஸி. தண்ணி வேணும் மிஸ்ஸி."

"கள்ளிக்குத் தண்ணி இல்லை. ஒப்புக்கொள், பிறகு குடி."

ஒரு மணி ஐந்து நிமிடம் நின்றாள். 5.20க்கு, "ஆமா மிஸ்ஸி. ஒன்னு சாப்பிட்டேன்," என்றாள்.

"என்ன நிறம்?"

கொஞ்சம் யோசித்து, "சிவப்பு," என்றாள்.

ஒரு டம்ளர் தண்ணீர் கிடைத்தது. ஒரே மூச்சில் குடித்தாள். உடனே வாந்தி எடுத்தாள். "திருடினது வயித்தில நிக்குமே?" என்று சொல்லி, துடைக்கத் துணியை அவள் கையிலேயே கொடுத்தார் மிஸ்ஸி.

ரமணி 7.10க்கு வந்தார். நடந்ததை மிஸ்ஸி சொன்னதும், "எம்மானத்த வாங்கிட்டியே!" என்று கன்னத்தில் ஒன்று வைத்தார். பிள்ளை சரிந்து விழுந்தாள், எழவில்லை. ஐந்து மாடி ஓடி ஏறியவளைப் போல மூச்சு வாங்கியது. கீழ்வீட்டு ஷேக் அலாவுதீன் தம் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் காலை டாக்டர், எப்போதிலிருந்து அதிகம் தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டார். ரமணிக்குத் தெரியவில்லை. நான் தாள்களைக் கொடுத்தேன். அந்த இளம் பெண் டாக்டர் ஷர்மினியின் பெயரில் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினார். தண்ணீர், கழிப்பறை, எடை. அரை நிமிடம் ஆகியிருக்காது.

"நீரிழிவு, அங்கிள். சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். சிறுநீரில சர்க்கரை போகுது, அதான் எறும்பு. இந்த நோய் முத்தினா மூச்சில பழ வாசம் வரும். நாலு வாரமா இதில எழுதியே இருக்கே. யாரும் படிக்கலையா?"

நாங்கள் ஒவ்வொரு வெள்ளியும் மேலிருந்து கீழே கூட்டினோம். குறுக்கே படிக்கவில்லை.

நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து ஷர்மினி பிழைத்தாள். மார்ச் 17, ஞாயிறு, பொது வார்டுக்கு மாற்றினார்கள். மிஸ்ஸி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்னது முழுவதையும் தாழ்வாரத்தில் நிறுத்தி அவரிடம் சொன்னேன். பிள்ளை எதையும் திருடவில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்தார்.

"பார்த்தியா பிள்ளை? ஒளிச்சு மிட்டாய் தின்டா இப்பிடித்தான் ஊசி போடுவினம்."

"இனிமே திருட மாட்டேன் மிஸ்ஸி," என்றாள் ஷர்மினி.

ரமணி பக்கத்தில்தான் இருந்தார். போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். அறைந்தவர் அவர். வாசம் உண்டு என்று சாட்சி சொன்னவன் நான். ஆப்பிள் பையை வாங்கி மேசையில் வைத்தேன்.

ரமணி வேலையை விட்டுவிட்டு, மகளோடு சிம்பாங் அம்பாட்டிலுள்ள தம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஆகஸ்ட் 23ஆம் தேதி காலை தொலைபேசியில் பேசினார். ஒரு நாளைக்கு நான்கு ஊசி. ஒவ்வொன்றுக்கும் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு "சாரி மிஸ்ஸி" என்கிறாளாம். "உம்மேல தப்பில்லன்னு தினம் சொல்றேன் அண்ணே. கேக்க மாட்டேங்குறா. அந்தச் செவப்பு மிட்டாய் தின்னது ஞாபகம் இருக்குங்கிறா."

அன்று மாலை இதை மிஸ்ஸியிடம் சொன்னேன்.

"மன்னிப்புக் கேக்கிறது நல்ல பழக்கந்தானே, அண்ணை," என்றார்.

வெள்ளிக்கிழமை அது. எடை பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.