மோகனூர் முட்டைகளும் நூர்ஜஹான் மேடத்தின் கையெழுத்தும்

செய்தி வந்தபோது நான் ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் அலுவலக மாடியில், கோழிப்பண்ணை விசிறிகளை இயக்கும் புதிய கன்ட்ரோலர் ஒன்று காலையிலிருந்து என் பேச்சைக் கேட்கவில்லை. கைப்பேசி அதிர்ந்தது. நூர்ஜஹான் மேடத்தின் தம்பி. "சார், அக்கா மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்று மட்டும் சொன்னார். சிறுநீரகக் கோளாறால் ஒரு வருடமாகவே அவதிப்பட்டு வந்தவர், எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தோம் என்பதற்காக வலிக்காமல் போய்விடுமா என்ன? பெட்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து நான் வீடு திரும்புவதற்குள் எங்கள் நிறுவனத்தின் வாட்ஸப் குழுவில் இரங்கல் செய்திகள் குவிந்திருந்தன. எல்லாம் நல்ல வார்த்தைகள், ஒன்றைத் தவிர. பழைய ஊழியர் ஒருவர், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, 'இத்தனை வருடச் சோதனையில் மேடம் கோட்டை விட்டது ஒரே ஒரு தடவைதான், அந்த மோகனூர் விவகாரம்' என்று எழுதியிருந்தார். எனக்குச் சுரீரென்று ஏறியது. கோட்டை விட்டது மேடம் அல்ல, நான். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த ஒரு வரி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு காலத்துக்கும் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளுக்கும் குஞ்சு பொரிப்பகங்களுக்கும் மின்னணுக் கருவிகள் செய்து தரும் சிறிய நிறுவனம் எங்களுடையது. பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுவது நான். செய்து முடித்த பெட்டியைப் பரிசோதித்து, வெளியே அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடுவது நூர்ஜஹான் மேடம். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. அதற்கு முன்பு சோதனை என்றால் எங்கள் ஊழியர்கள் சுவிட்சைப் போடுவார்கள், பச்சை விளக்கு எரியும், முடிந்தது. மேடம் பெட்டியை வாங்கினார், நான்கு பொத்தான்களையும் உள்ளங்கையால் ஒரே சமயத்தில் சப்பென்று அறைந்தார். பெட்டி செத்துப்போனது. யார் இப்படி அமுக்குவார்கள் என்று நான் எகிறினேன்.

"தீவனம் அள்ளுற கை சார். மாவு ஒட்டியிருக்கும், அவசரமா வருவாங்க. விரலால அமுக்க மாட்டாங்க, இப்படித்தான் தட்டுவாங்க" என்றார்.

வாயை மூடிக்கொண்டு போய் நிரலைத் திருத்தினேன். அடடா, அதன் பிறகு அவர் செய்த அட்டகாசங்களை என்னவென்று சொல்வது! ஓடாத பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிடித்து, அதற்குள் பெரிய பல்புகளை மாட்டி, சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகையின் சூட்டை உண்டாக்கினார். பெட்டிகளை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டு மூன்று நாள் கழித்துத் திறப்பார். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியின் குமிழைத் திருகித் திருகி, எந்த இடத்தில் என் நிரல் உளறத் தொடங்குகிறது என்று பார்ப்பார். அதே லைனில் மிக்ஸியை ஓடவிடுவார். கடிகாரத்தை டிசம்பர் முப்பத்தொன்றுக்குத் தள்ளி வைத்துவிட்டு, வருடம் மாறுவதை டீ குடித்தபடி வேடிக்கை பார்ப்பார். ஏதாவது உடைந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பண்டிகைக்குப் புதுத் துணி கிடைத்த பிள்ளையின் முகம் தோற்றுவிடும். "சார், சார், வாங்க, சீக்கிரம்!" என்று மாடிப்படியில் நின்று கூப்பிடுவார். என் மானம் போவதற்குத்தான் அந்த அழைப்பு என்று தெரிந்தும் நான் ஓடுவேன். அவரோடு வேலை செய்வதில் அப்படி ஒரு போதை இருந்தது.

இனி மோகனூருக்கு வருகிறேன். காவிரிக்கரை மோகனூரில் மரகதம் அக்கா நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறார். அவருக்காகத்தான் எங்கள் முதல் இன்குபேட்டர் கன்ட்ரோலரைச் செய்தோம். முட்டையைப் பதினெட்டு நாள் விடாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே வரும். நாளை எண்ணுவதும் நிறுத்துவதும் எல்லாம் என் பெட்டியின் பொறுப்பு. "அக்கா, இனி நீங்கள் நாள் கணக்கே வைக்க வேண்டாம், பெட்டி பார்த்துக்கொள்ளும்" என்று நான்தான் மார்தட்டினேன்.

அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, மேடம் என்னிடம் வந்தார். கரண்டை நிறுத்தி நிறுத்திப் போட்டதில் ஒரே ஒரு தடவை, பன்னிரண்டாம் நாள் என்று இருந்தது ஒன்றாம் நாள் என்று மாறிவிட்டது என்றார். மறுபடி வரவழைக்க முடியவில்லையாம். நான் போய்ப் பார்த்தேன். சுவரில் ப்ளக் லூசாக ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. ப்ளக்கைச் சரியாகக்கூட மாட்டாமல் என் நிரலைக் குறை சொல்வதா, ஒரு தடவை வந்ததெல்லாம் கணக்கில் சேராது, கையெழுத்தைப் போடுங்கள் என்று மொத்த மாடியும் அதிரக் கத்தினேன். அவர் தன் நோட்டில் என்னவோ எழுதினார். எங்கள் அறிக்கைப் படிவத்தில் 'சரி', 'தவறு' என்று இரண்டே கட்டங்கள்தான். காரணம் தெரியாத ஒன்றை எழுத இடமே கிடையாது. சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றார். பிறகு போட்டுவிட்டார்.

இருபத்தொன்றாம் நாள் காலையில் மரகதம் அக்கா போன் செய்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தட்டுகள் இன்னும் சாய்ந்து எழுந்துகொண்டிருக்கின்றன என்றார். பொத்தானை அமுக்கச் சொன்னேன். ஆறாம் நாள் என்று காட்டியது. நடுவில் எங்கேயோ பெட்டி நாளை மறந்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் முட்டைகளில் கால்வாசிகூடப் பொரிக்கவில்லை. ஓட்டுக்குள்ளேயே முடிந்துபோன குஞ்சுகள்.

முதலாளி எங்களைக் கூட்டி வைத்து, யார் சோதித்தது என்று கேட்டார். மேடம் எழுந்து, "கையெழுத்து என்னுது சார்" என்றார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாக்கியம் போதும், நான்தான் கத்திப் போடவைத்தேன் என்று. மாடியே அதிரக் கத்திய மனுஷனுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

அடுத்த ஈடு முட்டை வைப்பதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லையென்றால் மரகதம் அக்கா பொரிப்பகத்தையே மூட வேண்டியதுதான். அவரிடம் முட்டை கொடுக்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு தடவை பொறுப்பார்கள், மறு தடவை பொறுக்க மாட்டார்கள். நான் திரையைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மேடமோ, வண்டியை எடுங்கள், மோகனூர் போகலாம் என்றார்.

போன இடத்தில் அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. மரகதம் அக்காவிடம், "கரண்ட் போனா என்ன செய்வீங்கன்னு சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். அக்கா மெயினை அணைத்து, ஜெனரேட்டரை ஓடவிட்டு, கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்ற சுவரில் இருந்த சேஞ்சோவர் நெம்புகோலைக் கீழே இழுத்தார். இன்குபேட்டர் ஓடியது. ஐந்து நிமிடம் கழித்து நெம்புகோலை மேலே தள்ளி, பல்பைப் பார்த்தார், எரியவில்லை, கீழே இழுத்தார். உடனே மறுபடி மேலே, மறுபடி கீழே.

எதற்கு இரண்டு முறை என்று மேடம் கேட்டார்.

"கரண்டு வந்துருச்சான்னு பாக்கறதுங்க. டீசல் சும்மா எரியுதில்லீங்களா? ஒருக்கா தள்ளுனா சரியா மாட்டுச்சோ என்னமோன்னு, இன்னொருக்காவும் தள்ளிப் பாத்துக்குவேனுங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்களை இப்போதும் பார்க்கிறேன். இரண்டு தள்ளலுக்கும் நடுவே பெட்டிக்குக் கிடைப்பது ஒரே ஒரு நொடி உயிர். அந்த நொடியில் என் நிரல் விழித்தெழுந்து, இன்றைய நாளை நினைவகத்தில் எழுதத் தொடங்கும். எப்போதாவது எழுதி முடிப்பதற்குள் மறுபடி கரண்ட் போய்விடும். பாதி எழுதிய எண் குப்பையாகிவிடும். குப்பையைக் கண்டால் ஒன்றாம் நாள் என்று வைத்துக்கொள் என எழுதியது சாட்சாத் நானே. நாங்கள் சேலத்தில் கரண்டை நிறுத்திப் போட்டதெல்லாம் சாவகாசமாக. ஒரே ஒரு தடவை அந்த லூசு ப்ளக் பொறி தட்டி, விட்டு விட்டு வந்ததே, அதுதான் மோகனூரை எங்கள் அறைக்கே கொண்டுவந்து காட்டியது. நான் அதைத்தான் திட்டித் தீர்த்தேன்.

காலி இன்குபேட்டரில் நாளைப் பதினைந்தாக வைத்தோம். அக்கா வழக்கம்போலத் தள்ள, மேடம் சத்தமாக எண்ண, நான் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். பத்து, இருபது, முப்பது. முப்பத்தேழாவது தள்ளலில் பதினைந்து ஒன்றானது. "வந்திருச்சு சார், வந்திருச்சு!" மேடம் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தார். என் தப்பு அம்பலமான நொடி அது. எனக்கோ புல்லரித்தது, நானும் சேர்ந்து குதித்தேன்! பைத்தியங்கள் என்று அக்கா நினைத்திருப்பார்.

திருத்துவது சுலபம். நாளை இரண்டு இடத்தில் எழுதச் செய்தேன். கரண்ட் வந்து நிலைத்த பிறகே எழுதச் செய்தேன். இரண்டும் குப்பையானால் தானாக முடிவெடுக்காமல் அலறச் செய்தேன். மேடம் மரகதம் அக்காவின் கையைப் போலவே கரண்டை இரண்டிரண்டு தடவை நிறுத்திப் போடும் ஒரு ரிலே கருவியைச் செய்து, ஒரு வாரம் இரவு பகலாக ஓடவிட்டார். நாள் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அடுத்த ஈட்டின் இருபத்தொன்றாம் நாள் நாங்கள் இருவரும் மோகனூரில் இருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் ஓடுகள் விரிசல் விட, ஈரக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு வர, அந்தக் கீச்சொலியில் நாங்கள் பேசுவதே கேட்கவில்லை. மேடம் அழுதார். நானும்தான்.

அதன்பின் அறிக்கைப் படிவத்தில் 'ஒருமுறை நடந்தது, காரணம் தெரியவில்லை' என்று மூன்றாவது கட்டம் வந்தது. அவர் போராடி வாங்கியது. அதில் டிக் இருந்தால் பெட்டி வாசலைத் தாண்டாது. ஆனால் 'மேடம் மோகனூரில் கோட்டை விட்டார்' என்ற பேச்சும் கூடவே தங்கிவிட்டது. நான் ஒவ்வொரு வருடமும் அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

போன மாதம் மருத்துவமனையில் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் என்னைக் கண்டதும், கட்டிலோரம் இருந்த அழைப்பு மணியைக் காட்டினார். ஒருமுறை அமுக்கினால் நர்ஸ் மேசையில் விளக்கு எரிகிறதாம், வலியில் இரண்டுமுறை அமுக்கிவிட்டால் அணைந்துவிடுகிறதாம். "வலிக்கிறவங்க ஒரு தடவையா சார் அமுக்குவாங்க? தலைமை நர்ஸ்கிட்ட எழுதிக் குடுத்திருக்கேன், மாத்தறேன்னுட்டாங்க" என்றார். அந்த மெலிந்த முகத்தில் அதே பண்டிகைக் களை. நாங்கள் மணியைப் பற்றியே பேசிச் சிரித்தோம். நான் சொல்லாமலே எழுந்து வந்தேன். என்னை நானே மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

நேற்று அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். மோகனூரிலிருந்து மரகதம் அக்காவும் பஸ் ஏறி வந்திருந்தார். என் முறை வந்ததும் எழுந்து, இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். ப்ளக்கை, கத்தலை, அவர் பேனாவைப் பிடித்து நின்றதை, நான் வாயடைத்து உட்கார்ந்திருந்ததை. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டம் கலைந்ததும் மரகதம் அக்கா என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கு குஞ்சு பொரிச்சப்பவே கேட்டேனுங்க, மொத ஈடு போனதுக்கு ஆருங்க காரணம்னு. 'அவரே ஒரு நாளைக்குச் சொல்லுவாருங்க, அதுவரைக்கும் எம் பேர்லயே இருக்கட்டும்'னாங்க. 'நல்ல மனுசருதான், என்ன, கொஞ்சம் கோவக்காரரு'ன்னாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க சாமி. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மேடம், ஒரு தடவை நடந்ததையும் கணக்கில் சேர்ப்பவர் நீங்கள். என் மௌனத்தை மட்டும் எந்தக் கட்டத்திலும் டிக் போடாமல், இத்தனை வருடம் திறந்தே வைத்திருந்தீர்கள். சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்கும்படி சொல்லவில்லை என்பதை மட்டும் இனி எந்தத் திருத்தமும் சரிசெய்யாது. போய் வாருங்கள்.