அத்தை காட்டிய காட்சி

விருது யாருக்குப் போகும் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் நான் மெல்ல எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன். பேரப்பிள்ளைகள் கைபேசியில் பெயர்களை வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு சிறந்த நடிகை இவர்தான், இல்லை அவர்தான் என்று சாப்பிடும்போதே சண்டை போடுவார்கள். தாத்தாவுக்குச் சினிமா பிடிக்காது என்பது அவர்களுடைய முடிவு. நான் அதைத் திருத்தியதில்லை. உண்மையில், பத்து வயதில் இந்த வாதத்தில் எங்கள் வீட்டில் என்னை யாரும் வென்றதில்லை. வென்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசையில் ஒருமுறை நான் செய்ததை இப்போதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கேட்டு மன்னிக்க வேண்டியவர் இப்போது இல்லை.

அப்போது நாங்கள் காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அப்பா நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். வயதானவர்கள் அந்த அலுவலகத்தை அப்போதும் பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி ‘மேரி’ என்றே சொல்வார்கள். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் இறைச்சியும் கிடையாது, சினிமாவும் கிடையாது. இறைச்சியைவிடச் சினிமா இல்லாததுதான் எங்களை வாட்டியது. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு சினிமாப் பத்திரிகை ஆண்டுதோறும் விழா எடுத்து விருது கொடுக்கும். அந்தப் பத்திரிகைக்காரர்களுக்குத் தவக்காலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது போலும். நாங்கள் கொட்டகைப் பக்கமே தலைகாட்டக் கூடாத அந்த வாரங்களில்தான் போட்டியிலிருக்கும் பெயர்களை வெளியிடுவார்கள்.

படம் பார்க்கத்தான் தடை, படத்தைப் பற்றிப் பேசத் தடையில்லை என்று கண்டுபிடித்தவர் மாமா. அம்மாவின் தம்பி. மின்சார அலுவலகத்தில் வேலை, கோட்டுச்சேரியில் வீடு. பேசினால் பாவமா என்று பங்குச் சாமியாரிடமே கேட்டாராம். சாமியார் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை மாமா அனுமதியாக எடுத்துக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்காருவார். யாருக்கு விருது, ஏன் என்று வாதம் தொடங்கும். அப்பாதான் நீதிபதி. யார் சொன்னது பலிக்கிறதோ, ஈஸ்டர் முடிந்ததும் குடும்பத்தோடு பார்க்கும் முதல் படத்தை அவர் தேர்ந்தெடுக்கலாம் என்பது பரிசு. ஆண்டு முழுவதும் பேசுவதைவிட அந்த நாற்பது நாளில்தான் நாங்கள் சினிமாவை அதிகம் பேசினோம்.

அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நான் சொன்னது பலித்தது. மாமா என்னைப் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடுவார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா என்னைக் காட்டி, இவனைக் கேளுங்கள் என்பார். நானும் யோசிப்பதுபோல முகவாயைத் தடவிக்கொண்டு பதில் சொல்வேன். என் அறிவெல்லாம் அத்தையிடமிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

அத்தை அப்பாவின் மூத்த சகோதரி. திருமணமான கொஞ்ச நாளிலேயே கணவர் பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமின் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டதால் பிறந்த வீட்டிலேயே இருந்தார். கணவர் அங்கேயே இறந்தார். பிறகு அத்தை எங்களோடு தங்கிவிட்டார். நான் பிறப்பதற்கு முந்தைய கதை இது. குடும்பமாகச் சினிமாவுக்குப் போகும்போது அத்தை வீட்டைப் பார்த்துக்கொள்வார். அவரை வரச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. கணவனை இழந்தவர், வெள்ளைப் புடவை கட்டுகிறவர், கொட்டகையில் உட்கார்ந்தால் தெரு என்ன பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் அத்தை தனியாக வேளாங்கண்ணிக்குப் போய்வருவார். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். காலை பஸ்ஸில் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் போய், பூசை பார்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்புவார். மறுநாள் மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது கொல்லையில் உட்கார்ந்து எனக்கு ஒரு புதுப்படத்தின் கதையைச் சொல்வார். புதுப்படங்கள் முதலில் நாகப்பட்டினத்துக்கு வரும். எங்கள் ஊருக்கு வர மாதங்களாகும். கதை எப்படித் தெரியும் என்று கேட்டால், பஸ்ஸில் கூட வந்தவர்கள் சொன்னார்கள் என்பார். ஒருநாள் கதையின் நடுவில், அந்தப் பாட்டின்போது மின்விசிறி நின்றுபோய் வேர்த்துக் கொட்டியது என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சிரித்துக்கொண்டே என் வாயைப் பொத்தினார்.

“யார்ட்டயும் சொல்லிராத ராசா. மாதாவ பாத்துட்டுத்தான் வர்ற வழியில மேட்னிக்குப் போறேன். மாசத்துல எனக்குன்னு அந்த ஒரு நாளுதான் இருக்கு.”

சொல்ல மாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

மூன்றாவது ஆண்டு தவக்காலத்தில் வந்த முதல் சனிக்கிழமையும் அத்தை போனார். தவக்காலத்திலும் போனாரே என்று எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் கதை கேட்கும் ஆசையில் பயம் போய்விட்டது. போட்டியில் பெயர் வந்திருந்த ஒரு நடிகையின் படம் அது. வீட்டில் வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. கணவன் இறந்த செய்தி வரும் காட்சியை அத்தை சொல்லவில்லை, செய்து காட்டினார். எதிரே அடுப்பும் பானையும் இருப்பதுபோல் குந்தி, கரித்துணியால் பானையைப் பிடித்து, தட்டை வைத்து மூடிச் சாய்த்து, கஞ்சியை நிதானமாக வடித்தார். கடைசிச் சொட்டு வரை பொறுத்திருந்தார். பானையை நிமிர்த்தி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“அழுவவே இல்லடா. இந்த வருஷம் அவளுக்குத்தான்,” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாதத்தில் நான் அந்த நடிகையின் பெயரைச் சொல்லி, கணவன் இறந்த செய்தி வரும் காட்சியைக் காரணமாகச் சொன்னேன். மாமா வேறொரு நடிகையின் பக்கம். அவர் உற்சாகமாக இருந்தார். சேர்ந்தாற்போல் இரண்டு ஆண்டு தோற்றவர் அல்லவா?

“புருஷன் செத்தா எல்லா நடிகையும்தான் அழுவுறா. அதுக்கெல்லாம் விருதுன்னா நம்ம தெருவுலயே பத்துப் பேருக்குக் குடுக்கணும் மாப்ள.”

“இவங்க அழுவல மாமா.”

“நீ பாத்தியா?”

நான் அப்பாவைப் பார்த்தேன். மாமா விடவில்லை.

“பாக்காதவன் பேச்சு செல்லாது. அத்தான், தீர்ப்பச் சொல்லுங்க.”

அப்பா சிரித்துக்கொண்டே, பார்க்காத படத்துக்காக வாதாடக் கூடாது தம்பி என்றார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த உதறல்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. சொல்லாதே என்றுதானே அத்தை கேட்டுக்கொண்டார், செய்து காட்டினால் சொன்னதாகாதே என்று ஒரு நொடியில் என் மனம் எனக்குச் சாதகமாக ஒரு வழி கண்டுபிடித்தது. அறியாமல் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். அறிந்துதான் செய்தேன்.

கூடத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்தேன். இல்லாத பானையை இல்லாத துணியால் பிடித்தேன். சாய்த்தேன். அத்தை காட்டியபடியே, செய்தி கொண்டுவந்தவனை ஏறெடுத்தும் பார்க்காமல் சொன்னேன்.

“இரு தம்பி, சோறு கொழைஞ்சிரும்.”

பிறகு கஞ்சி முழுதும் வடியும் வரை பொறுத்திருந்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

யாரும் பேசவில்லை. அவ்வளவு நன்றாக நடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அத்தை காப்பித் தம்ளர்களோடு உள்வாசலில் நின்றிருந்தார்.

மாமாதான் முதலில் பேசினார். அவர் கெட்டவர் அல்லர். வாதத்தில் வந்த புத்திசாலித்தனம்தான் அவரைப் பேச வைத்தது.

“இது கதை கேட்டுச் செய்யுற காரியம் இல்லியே. யாரு மாப்ள காட்டிக் குடுத்தா?”

 என் கண் உள்வாசலுக்குப் போய்விட்டது. எல்லோருடைய கண்ணும் அதன் பின்னாலேயே போனது.

அத்தை ஒவ்வொருவருக்கும் காப்பியைக் கொடுத்தார்.  அம்மா மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சொல்லிருந்தா நானும் கூட வந்திருப்பேன்ல அண்ணி?”

“ஆமா, சொல்லிருக்கலாம்,” என்றார் அத்தை.

திட்டு இல்லை, அழுகை இல்லை. நடந்தது எல்லாம் அன்பினாலேயே நடந்தது. தனியாகப் போனால் அலைச்சல் என்று அடுத்த மாதத்திலிருந்து அம்மாவும் வேளாங்கண்ணிக்குக் கூடப் போனார். இருவரும் பூசை முடிந்ததும் நேராக வீடு திரும்பினார்கள். சில மாதங்களில் அத்தைக்கு முழங்கால் வலி வந்தது. பிறகு அந்தப் பயணமே நின்றது. கொல்லையில் கதையும் நின்றது. அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது வெல்லம் திருடியதைச் சொன்னேன், செபத்தில் தூங்கியதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. நான் பாண்டிச்சேரியில் வேலையில் இருந்தபோது அத்தை இறந்தார். அதற்கு முன் எத்தனையோ விடுமுறைகளில் அவர் பரிமாற நான் சாப்பிட்டிருக்கிறேன். ஒருமுறையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.

அந்த ஆண்டு விருது அத்தை சொன்ன நடிகைக்கே கிடைத்தது. ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலைச் செய்தித்தாளில் வந்திருந்தது. நான் சமையற்கட்டுக்கு ஓடி, நாம் ஜெயித்துவிட்டோம் என்றேன்.

“நாம இல்ல ராசா. நீதான்,” என்றார் அத்தை.

பரிசாக அந்தப் படத்தையே கேட்டேன். ஈஸ்டர் கழிந்து எங்கள் ஊர்க் கொட்டகைக்கு அது வந்ததும் கிளம்பினோம். வழக்கத்துக்கு மாறாக அப்பா சமையற்கட்டு வரை போய், நீங்களும் வாங்கக்கா என்று அழைத்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று அத்தை சொல்லிவிட்டார்.

அந்தக் காட்சிக்காக நான் பெஞ்சின் நுனியில் காத்திருந்தேன். வந்தது. செய்தி கொண்டுவந்தவர் தொப்பி போட்ட ஒரு போலீஸ்காரர். நடிகை அடுப்படியில் இருந்தது மட்டும் சரி. செய்தியைக் கேட்டதும் அவர் அலறினார். பானை உருண்டது. சோறு தரையெல்லாம் கொட்டியது. சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். கஞ்சி வடிக்கவில்லை. தம்பி என்று யாரையும் அழைக்கவில்லை. ஏமாற்றத்தோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துண்டால் கண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் அப்பாவும் படத்துக்குத்தான் அழுகிறார் என்று எண்ணி, நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று பெருமைப்பட்டேன்.

சைகோனிலிருந்து தந்தி வந்த அன்று, அதை வாங்கிக்கொண்டு சமையற்கட்டு வாசலில் போய் நின்றது அப்பாதான் என்று நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மா சொன்னார். அப்பாவுக்கு அப்போது மீசை அரும்பும் வயது. அத்தை உலையை இறக்கிக்கொண்டிருந்தாராம். தந்தியோடு நின்ற தம்பியைக் காத்திருக்கச் சொன்னாராம்.

படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் நேரே அத்தையிடம் போனேன். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்க காட்டுன மாதிரி இல்லியே அத்தை. அந்தம்மா அழுவுறாங்க. பானைய உருட்டி விட்டுட்டாங்க.”

அத்தை முறத்தை ஒருமுறை குலுக்கினார்.

“நல்லா அழுவுறாளா?”

“கொட்டகையே அழுவுச்சு.”

“அப்ப அவளுக்குக் குடுத்தது சரிதான்,” என்றார்.

பார்த்த படத்தைக்கூட ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லையே என்று எனக்கு அத்தையின் மேல் வருத்தமாக இருந்தது. அடுத்த ஆண்டு இவரை நம்பி வாதாடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.